ஐசோனியசிட் எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யாதது ஏன்?

பெரம்பூரில் வசிக்கும் ஒரு வாசகி கேட்டிருப்பது, சுருக்கமாக, இது. அவருடைய தந்தையாருக்கு நுரையீரல் காசநோய். ஐசோனியசிட்டும் வேறு சில காசநோய் மருந்துகளும் சேர்ந்த, அரசு மையத்தில் தரும் கூட்டு மாத்திரையை மூன்றாவது மாதமாகச் சாப்பிட்டு வருகிறார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மதமதப்பும் தொடங்கியிருக்கின்றன. பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருந்த சர்க்கரையும் ஏறியிருக்கிறது. அதே தெருவில் இன்னொருவருக்கும் காசநோய்; அவருடைய அறிக்கையில் 'ஐசோனியசிட் எதிர்ப்பு, கேட்-ஜி' என்று எழுதியிருந்ததால் அவருக்கு வேறு மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். ஒரே மருந்து ஒருவருக்கு நோயைத் தீர்த்துக்கொண்டே காலைக் கெடுப்பதும், இன்னொருவருக்கு உதவாமலே போவதும் எப்படி, மாத்திரையின் தரத்தில் குறையா, தந்தைக்கு மரபணுச் சோதனை செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்.

நீங்கள் எழுதியிருக்கும் எதற்கும் மாத்திரையின் தரத்தைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. உங்கள் தந்தையாரின் கால் எரிச்சல், அவருடைய சர்க்கரை ஏற்றம், உங்கள் தெருக்காரரின் மருந்து எதிர்ப்பு ஆகிய மூன்றையும் விளக்க, விரல்விட்டு எண்ணக்கூடிய சில புரதங்கள் போதும். அவற்றுள் சில கிருமியினுடையவை, சில நம்முடையவை. மருந்து என்பது தனக்குள்ளேயே குணமாக்கும் சக்தியை வைத்திருக்கும் பொருள் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் மாணவர்களிடம் முதலில் களைய முயன்றது இந்த எண்ணத்தைத்தான். ஒரு மருந்து எந்தப் புரதத்தைச் சந்திக்கிறது, அந்தப் புரதம் அதை என்ன செய்கிறது என்பதே அதன் விளைவைத் தீர்மானிக்கிறது. இதைக் காட்ட ஐசோனியசிட்டை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பொருளை 1912இல் பிராக் நகரில் ஹான்ஸ் மெயர், யோசஃப் மாலி என்ற இரு வேதியியலாளர்கள் தயாரித்தார்கள். காசநோயை மனத்தில் வைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. செய்து, கட்டுரை எழுதி, அத்தோடு விட்டுவிட்டார்கள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது 1950களின் தொடக்கத்தில்தான், மூன்று மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், தெரிய வந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் காசநோயால் இறந்தவர்களை நினைத்தால், ஓர் அலமாரியில் கிடந்த அந்தக் குப்பி மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. கிருமியைக் கொல்லும் என்று தெரிந்த பிறகும் எப்படிக் கொல்கிறது என்பது தெரிய மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்குக் காரணம், ஐசோனியசிட் என்ற பொருள் நேரடியாக எதையும் கொல்வதில்லை என்பதே. தீக்குச்சி தானாக எரிவதில்லை, பெட்டியின் பக்கவாட்டில் உரசினால்தான் எரியும். இங்கே அந்தப் பெட்டி கிருமியின் கையில் இருக்கிறது.

அந்தப் பெட்டிதான் கேட்-ஜி. அது கிருமி தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் ஒரு நொதி. நம் உடலின் வெள்ளணுக்கள் காசநோய்க் கிருமியை விழுங்கியதும் அதன்மீது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுப் பொருள்களைப் பாய்ச்சுகின்றன. கேட்-ஜி அவற்றைச் சிதைத்துக் கிருமியைக் காப்பாற்றுகிறது. ஐசோனியசிட் மூலக்கூறு மிகச் சிறியது, எளிதாகக் கிருமிக்குள் நுழைந்துவிடும். நுழைந்ததும் இந்தக் கேட்-ஜி அதையும் பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்போது பிறக்கும் நிலையற்ற துண்டு, கிருமியின் உள்ளே எப்போதும் இருக்கும் என்ஏடி (NAD) என்ற துணைநொதியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிப் பிறந்த இந்தப் புதிய மூலக்கூறுதான் உண்மையான மருந்து. அது இன்எச்ஏ என்ற இன்னொரு நொதியின் குழிக்குள் போய் இறுக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. இன்எச்ஏ வேலை செய்யாவிட்டால் மைக்கோலிக் அமிலம் என்ற மிக நீண்ட கொழுப்பமிலம் உருவாகாது. அது இல்லாமல் காசநோய்க் கிருமியின் மெழுகு போன்ற வெளிச்சுவர் எழும்பாது. சுவரில்லாமல் கிருமி பிளந்து பெருக முடியாது. கேட்-ஜியின் பங்கு 1992இலும், இன்எச்ஏ மரபணு 1994இலும், அதன் குழிக்குள் உட்கார்ந்திருப்பது ஐசோனியசிட் அல்ல, என்ஏடியோடு சேர்ந்த கூட்டுப்பொருள் என்பது 1998இலும் வெளியாயின. அதாவது ஐசோனியசிட்டை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் அது என்ன செய்கிறது என்று நமக்குத் தெரிந்தது.

கடைசியாகச் சொன்ன கண்டுபிடிப்பு எக்ஸ்ரே படிகவியலால் வந்தது. இப்படி ஒரு புரதத்தின் வடிவத்தை வரைந்ததாக உலகின் எந்த ஆய்வகம் சொன்னாலும், அந்த வடிவம் சாத்தியமானதுதானா என்று முதலில் சரிபார்க்கப் பயன்படுவது ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டும் அந்த வரைபடத்தை ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963இல் வெளியிட்டது நம் கிண்டி வளாகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதுதான். அதற்கு முன்பே அவர் கொலாஜன் புரதத்தின் மூவிழை வடிவத்தைக் கண்டவர். அந்த ஆய்வுக்கான கங்காரு வால் தசைநார் அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. இது உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்பில்லாததுதான். ஆனால் பெரம்பூரிலிருந்து கேட்கும் ஒருவரிடம் கிண்டியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இப்போது உங்கள் தெருக்காரரின் அறிக்கையைப் பார்ப்போம். கேட்-ஜி ஏறக்குறைய 740 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் 315ஆம் இடத்தில் செரின் இருக்க வேண்டும். உலகெங்கும் ஐசோனியசிட்டுக்கு மசியாத கிருமிகளில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம், அந்த ஒரே ஓர் இடத்தில் செரினுக்குப் பதிலாகத் திரியோனின் வந்திருப்பது. செரினுக்கும் திரியோனினுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கார்பனும் அதைச் சேர்ந்த ஹைட்ரஜன்களும் மட்டுமே. ஆனால் 315ஆம் இடம், நொதியின் மையத்தில் உள்ள இரும்பு கொண்ட ஹீமுக்குப் போகும் குறுகலான வழியின் ஓரத்தில் இருக்கிறது. கூடுதலாக வந்த அந்தச் சிறு குழு வழியை நெருக்கிவிடுகிறது. ஐசோனியசிட் உள்ளே சரியாகப் போய் அமர முடிவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடோ அதைவிட மிகச் சிறியது, அது வழக்கம்போல் போய்வருகிறது. இதில்தான் கிருமியின் ஆதாயம் இருக்கிறது: தன் கவசத்தை இழக்காமல், மருந்தை மட்டும் எரியவிடாமல் செய்துகொள்கிறது. கேட்-ஜி மரபணுவை முழுவதுமாகத் தொலைத்துவிட்ட கிருமிகளும் உண்டு. அவையும் மருந்துக்கு மசியாது, ஆனால் வெள்ளணுக்களின் தாக்குதலைத் தாங்கும் திறனில் குறைந்துபோவதால் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில் பின்தங்கிவிடுகின்றன. 315ஆம் இட மாற்றத்துக்கு அந்தக் குறை இல்லாததால்தான் அது ஊரெங்கும் பரவியிருக்கிறது.

உங்கள் தெருக்காரர் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாததால் இந்த எதிர்ப்பு வந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சிகிச்சை தொடங்கும்போதே எதிர்ப்பு இருந்ததென்றால், அவர் அப்படிப்பட்ட கிருமியையே வேறொருவரிடமிருந்து மூச்சில் வாங்கியிருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள். அவருடைய அறிக்கையில் 'இன்எச்ஏ' என்று இருந்திருந்தால் கதை சற்று வேறாக இருக்கும். அந்த வகையில் கிருமி தீப்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, தாக்கப்படும் இன்எச்ஏ நொதியை அளவுக்கு மீறித் தயாரித்துத் தப்பிக்கிறது. அத்தகைய எதிர்ப்பு மிதமானது. ஐசோனியசிட் அளவைக் கூட்டிக் கொடுத்தால் சில சமயம் பயன் கிடைக்கும். ஆனால் எத்தியோனமைடு என்ற இன்னொரு மருந்தும் கடைசியில் அதே இன்எச்ஏவைத்தான் தாக்குகிறது என்பதால், அது சேர்ந்தே பயனற்றுப் போய்விடும். கேட்-ஜி மாறியவரிடம் இது தலைகீழ்: ஐசோனியசிட் அளவைக் கூட்டுவதில் பெரிய பயனில்லை, எத்தியோனமைடு வேலை செய்யும். ஆய்வகத்தார் மரபணுவின் பெயரையும் சேர்த்து எழுதுவது இதற்காகத்தான். கூட்டு மாத்திரையிலுள்ள இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பில்லாமல் ஐசோனியசிட்டுக்கு மட்டும் எதிர்ப்பிருந்தால், ஐசோனியசிட்டை நீக்கி லெவோஃபிளாக்சசினைச் சேர்த்து, மற்ற மூன்று மருந்துகளோடு (ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பூட்டால்) ஆறு மாதம் கொடுப்பதே இங்கு நடைமுறை. உங்கள் தெருக்காரருக்கும் அதுவே நடந்திருக்கக்கூடும்.

இனி உங்கள் தந்தையார். அவரிடம் உள்ள கிருமி தீப்பெட்டியைத் தொலைக்கவில்லை, மருந்து எரிந்தது, சளி சுத்தமாகிவிட்டது. அவருடைய தொல்லை மனிதப் புரதங்களின் கணக்கில் வருகிறது. நாம் விழுங்கும் ஐசோனியசிட்டைக் கல்லீரலில் உள்ள என்ஏடி-2 (NAT2; மேலே சொன்ன என்ஏடி துணைநொதி வேறு, இது வேறு) என்ற நொதி பிடித்து, அதன்மீது ஓர் அசிட்டைல் குழுவை ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டப்பட்ட ஐசோனியசிட் கிருமியை ஒன்றும் செய்யாது. இந்த நொதி எல்லோரிடமும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. சிலரிடம் இரத்தத்தில் உள்ள ஐசோனியசிட் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். வேறு சிலரிடம் பாதியாக மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். முன்னவர்களை விரைவாக மாற்றுவோர் என்றும், பின்னவர்களை மெதுவாக மாற்றுவோர் என்றும் சொல்வோம். இது நோயும் அல்ல, குறைபாடும் அல்ல. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் மரபணுப் பிரதிகள் இரண்டும் மெதுவான வகையாக அமைந்துவிட்டால் அவர் மெதுவாக மாற்றுபவர், அவ்வளவே. மெதுவான வகைகளில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியிருக்கும்; அதனால் புரதம் உருவானாலும் நிலைத்து நிற்காமல் சீக்கிரம் சிதைந்துபோகிறது. உங்கள் தந்தையார் அப்படிப்பட்டவர் என்றால் உங்களிடமும் ஒரு மெதுவான பிரதியாவது இருக்கும்.

ஜப்பானியர்களில் மெதுவாக மாற்றுவோர் பத்தில் ஒருவர் அளவுக்கே இருக்கிறார்கள். தென்னிந்தியரில் அவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1956இல் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெரிசலான வீட்டில், போதிய உணவில்லாமல், மாத்திரையை மட்டும் சாப்பிட்டு வந்த ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று அந்த மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதே மையம் அதே ஆண்டுகளில் நோயாளிகளின் இரத்தத்தில் ஐசோனியசிட் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பொறுமையாக அளந்து வந்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் மதிப்பீட்டில் அது முதல் ஆய்வுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அந்த அளவீடுகளிலிருந்து இரண்டு முடிவுகள் வந்தன. கூடுதல் அளவில் ஐசோனியசிட் பெற்றவர்களில் கை கால்களில் எரிச்சலும் மதமதப்பும் வந்தவர்கள் பெரும்பாலும் மெதுவாக மாற்றுவோராக இருந்தார்கள் என்பது ஒன்று. காரணம் வைட்டமின் பி6. இந்த வைட்டமினின் செயல்படும் வடிவத்தில் ஆல்டிஹைடு என்ற ஒரு குழு உண்டு. ஐசோனியசிட்டின் வால்பகுதி அதோடு நேரடியாக வினைபுரிந்து அதைப் பயனற்றதாக்கிவிடும். மருந்து எவ்வளவு நேரம் உடலில் தங்குகிறதோ அவ்வளவு வைட்டமின் பறிபோகும். நரம்புகளில் பல நொதிகளுக்கு அது துணைநொதி. அது குறைந்தால் மிக நீளமான நரம்புகள், அதாவது பாதத்துக்குப் போகும் நரம்புகள், முதலில் முறையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் பைரிடாக்சினே, அதாவது பி6 மாத்திரையே, இதைத் தடுக்கப் போதுமானது என்று காட்டியதும் சென்னை ஆய்வுதான். இரண்டாவது முடிவு, விரைவாக மாற்றுவோரைப் பற்றியது. மருந்தை வாரத்துக்கு ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே குணமானார்கள். தினமும் கொடுத்தபோது அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. நாள்தோறும் ஒருமுறை உச்சத்துக்குப் போகும் மருந்து, சீக்கிரம் மறைந்தாலும், கிருமியை அடிக்கப் போதுமானதாக இருந்துவிடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்றிருந்த இந்திய நடைமுறை 2017 முதல் தினசரிச் சிகிச்சையாக மாறியதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தப் பழைய பாடமும் அதற்கு ஒத்தே போகிறது.

ஆகவே உங்கள் தந்தையார் மெதுவாக மாற்றுபவராக இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல். ஆனால் அவர் விஷயத்தில் அவசரமாக முடிவுக்கு வர நான் தயங்குகிறேன், ஏனென்றால் அவருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. பாதத்தில் இதே எரிச்சலையும் மதமதப்பையும் சர்க்கரை நோயே தரும். அவர் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருபவர் என்றால் அது வைட்டமின் பி12ஐக் குறைத்து அதே தொல்லையைத் தரும். மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். சிகிச்சை தொடங்கிய பிறகு வந்தது என்பது ஐசோனியசிட்டைச் சுட்டுகிறதே தவிர, மற்ற இரண்டையும் விலக்கிவிடவில்லை. பி6 மாத்திரை அவருக்கு ஏற்கெனவே கொடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோயாளிகள், மது அருந்துவோர், கர்ப்பிணிகள், உடல் மெலிந்தவர்கள் ஆகியோருக்கு அதை ஐசோனியசிட்டோடு சேர்த்தே கொடுப்பது வழக்கம். இல்லையென்றால் மையத்தில் கேளுங்கள், பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நரம்புக்கு நல்லது என்று மருந்துக்கடையில் அதிக அளவு பி6 வாங்கி மாதக்கணக்கில் கொடுக்க வேண்டாம். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பது வேடிக்கையான, ஆனால் நன்றாக நிறுவப்பட்ட உண்மை.

கல்லீரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அசிட்டைல் ஒட்டப்பட்ட ஐசோனியசிட் பின்னர் உடைந்து அசிட்டைல் ஹைட்ரசீன் என்ற பொருளைத் தருகிறது. அதை இன்னொரு முறை அசிட்டைலேற்றி ஆபத்தில்லாததாக ஆக்குவதும் அதே என்ஏடி-2தான். மெதுவாக மாற்றுவோரிடம் இது தேங்கி, கல்லீரலின் வேறு நொதிகளால் நச்சாக மாற்றப்படுகிறது. காசநோய் மாத்திரையால் கல்லீரல் அழற்சி வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாக இருப்பதை இப்படித்தான் விளக்குகிறார்கள். பைரசினமைடும் ரிஃபாம்பிசினும் கூட இருப்பதால் பழியை ஒன்றின்மேல் மட்டும் போட முடியாது. பசியே இல்லாமல் போவது, விடாத குமட்டல், சிறுநீர் தேநீர் நிறமாவது, கண்வெள்ளை மஞ்சளாவது ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மட்டும் ரிஃபாம்பிசினின் நிறம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை ஏறியதற்கு ரிஃபாம்பிசினைச் சந்தேகிக்கலாம். இந்த மருந்து கிருமியிடம் செய்வது எளிய வேலை: மரபணுவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் நொதியின் பீட்டா துணையலகில் ஒட்டிக்கொண்டு, ஆர்என்ஏ இழை இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் நீளாமல் அடைத்துவிடுகிறது. ட்ரூநாட், சிபிநாட் போன்ற சோதனைகள் ஓரிரு மணி நேரத்தில் 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்று சொல்ல முடிவது, எதிர்ப்பை உண்டாக்கும் மாற்றங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு அந்த மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுவதால்தான். மனித உடலில் அது செய்வது சிக்கலானது. நம் கல்லீரல் அணுக்களில் பிஎக்ஸ்ஆர் என்ற ஒரு புரதம் அந்நியப் பொருள்களுக்குக் காவலாக இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதன்மேல் ஒட்டியதும், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை ஏராளமாகத் தயாரிக்கும்படி மரபணுக்களுக்கு உத்தரவு போகிறது. அந்த நொதிகள் ரிஃபாம்பிசினோடு நிற்காமல் உடன் வரும் மற்ற மருந்துகளையும் சிதைத்துத் தள்ளுகின்றன. கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் இப்படி வலுவிழக்கும். கல்லீரலில் மாற்றப்படாமல் சிறுநீரகம் வழியே அப்படியே வெளியேறும் மெட்ஃபார்மின் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபாரின், எச்ஐவிக்கான சில மருந்துகள் ஆகியவையும் கிளிமிப்பிரைடைப் போலவே வலுவிழக்கும். காசநோயின் அழற்சியே சர்க்கரையை ஏற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர்களே சில சமயம் மறந்துவிடும் ஒன்று இதில் இருக்கிறது. சிகிச்சைக் காலத்தில் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பார்கள், அல்லது இன்சுலின் தொடங்கியிருப்பார்கள். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும், கூடுதலாக உருவான நொதிகள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். கூட்டிய அளவிலேயே மாத்திரை தொடர்ந்தால், காசநோய் குணமான மகிழ்ச்சியில் இருக்கும் வீட்டில் ஒரு நாள் அதிகாலையில் சர்க்கரை இறங்கி அவர் மயங்கி விழக்கூடும். நிறுத்தும் தேதியை இப்போதே குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய மூன்று வாரங்கள் அடிக்கடி சர்க்கரை பாருங்கள்.

இத்தனை தொல்லை தரும் மருந்துகளை ஏன் சேர்த்தே கொடுக்க வேண்டும், ஒன்று போதாதா என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். நுரையீரலில் ஒரு குழிப்புண்ணில் பத்துக் கோடிக் கிருமிகள் வரை இருக்கலாம். பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு கிருமி எந்த மருந்தையும் பார்க்காமலே ஐசோனியசிட்டுக்கு எதிரான மாற்றத்தோடு இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அது ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று. ஐசோனியசிட்டைத் தனியாகக் கொடுத்தால் எதிர்ப்புள்ள நூறு கிருமிகள் ஏற்கெனவே காத்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால், இரண்டுக்கும் ஒருசேர மசியாத ஒரு கிருமி இருக்கக் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவுக்குக் கிருமிகள் வேண்டும். எந்த மனித நுரையீரலும் அவ்வளவைத் தாங்காது. ஐசோனியசிட் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளை முதல் சில நாள்களிலேயே வேகமாக வீழ்த்துகிறது. உறங்கிக் கிடந்து எப்போதாவது விழிக்கும் மிச்சத்தை ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் பார்த்துக்கொள்கின்றன. சளி சுத்தமாகிவிட்ட பிறகும் உங்கள் தந்தையார் ஏன் இன்னும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும் என்பதற்கும் விடை அந்த உறங்கும் மிச்சம்தான்.

மரபணுச் சோதனை பற்றிய கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். ஜப்பானில் என்ஏடி-2 வகையைப் பார்த்து ஐசோனியசிட் அளவை மாற்றிக் கொடுத்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. மெதுவாக மாற்றுவோருக்கு அளவைக் குறைத்தபோது கல்லீரல் பாதிப்பு குறைந்தது, விரைவாக மாற்றுவோருக்குக் கூட்டியபோது பலன் கூடியது. கொள்கை சரியென்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் நம் ஊரில் மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்தே வருகின்றன, எண்ணிக்கை உடல் எடையைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. ஐசோனியசிட்டை மட்டும் தனியே குறைக்க வேண்டுமானால் அந்த ஏற்பாட்டையே கலைக்க வேண்டும். அப்படிக் கலைத்தால் ஒரு மாத்திரையை விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடும் பழைய ஆபத்து திரும்பும். மூன்று மாதம் முடிந்து, கிருமியும் போய்விட்ட ஒருவருக்குச் சோதனை சொல்லப்போவது, அவருடைய கால் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத்தான். மெதுவாக மாற்றுவோர் பெரும்பான்மையாக உள்ள ஒரு நகரத்தில் எல்லோரையும் மெதுவாக மாற்றுவோராகவே கருதி, பி6ஐத் தாராளமாகக் கொடுத்து, கல்லீரலைக் கவனித்து வருவது மலிவானது. இன்றைய நிலையில் அதுவே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. சிகிச்சையின்போது கல்லீரல் பாதிக்கப்பட்டு, மருந்தை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் சோதனையால் பயன் இருக்கலாம்.

நடைமுறைக்கு இன்னும் சில. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுவதே நல்லது, உணவோடு சேர்ந்தால் ஐசோனியசிட்டின் உச்ச அளவு குறையும். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு லேசாக ஏதாவது சாப்பிடலாம். உங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவார்கள் என்றால், காசிமேட்டிலிருந்து வரும் சூரையையும் கானாங்கெளுத்தியையும் சிகிச்சை முடியும்வரை தந்தையாருக்குத் தவிர்த்துவிடுங்கள். இந்த மீன்கள் ஐஸ் போதாமல் சற்று நேரம் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். சாதாரணமாக நம் குடலில் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும், ஐசோனியசிட் அந்த நொதியையும் தடுப்பதால் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் படபடப்பும் வரும். அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது அவருடைய சர்க்கரை மாத்திரைச் சீட்டு, கடைசி மூன்று மாதச் சர்க்கரை அறிக்கை, வீட்டில் அவர் சாப்பிடும் மற்ற எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கால் எரிச்சல் எந்த வாரத்தில் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். அந்த எரிச்சலுக்காக ஒரு நாள்கூட அவர் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். பி6 சேர்த்த பிறகு சில வாரங்களில் குறைகிறதா என்று பாருங்கள், குறையாவிட்டால் சர்க்கரையையும் பி12ஐயும் அடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.